வீட்டு இலக்கம் ஏழு

பாலியாறு இரண்டாய்ப் பிரிந்து
திரும்பச் சேர மனம் வருமட்டும்
நடுவில் விட்டுவைத்த மண்ணுக்கு
மருதந்திட்டி என்று பேர்.
ஒன்பது வீடு, இரண்டு வள்ளம்.
அதில் ஒன்று ஓட்டை.

தை கடைசி. ஆறு இன்னும் வற்றவில்லை.
குடிசன மதிப்பீட்டுப் படிவங்களைப்
பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்திருந்தேன்.
அருமைநாயகம் கம்பை ஊன்றித் தள்ளினார்.
பேச்சில்லை.
நடு ஆற்றில் மட்டும்
"முதலை கிடக்கும், கையை உள்ளுக்க வையுங்கோ ரீச்சர்"
என்றார், மழை வரும் என்பதுபோல.

கரையில் வள்ளத்தைக் கட்டியது ஒரு கற்றூணில்.
எட்டுப் பட்டை. தலை உடைந்தது.
கயிறு உரசி உரசி
இடுப்பில் ஒரு பள்ளம்.
எந்த மண்டபத்துத் தூண் என்று கேட்டேன்.
"வள்ளம் கட்டுற தூண்."

உள்ளே போகப் போக அப்படித்தான்.
பாதித் தாமரை செதுக்கிய கல்லில்
யப்பான் மீன் காய்கிறது.
நடுவில் குழி விழுந்த சதுரக்கல்லில்
ஆட்டுக்குட்டி தண்ணீர் குடிக்கிறது.
யாருடைய கோயில், எந்த அரசன் என்று
தூரத்து நகரங்களில் அடிபடட்டும்.
இங்கே கல்லுக்கெல்லாம் மஞ்சள் மையில் இலக்கம்:
நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு.
போன வருடம் ஜீப்பை அக்கரையில் விட்டுவிட்டு வந்தவர்கள்
போட்டுவிட்டுப் போனார்களாம்.
நாற்பத்திரண்டின் மேல் கோழி.

ஏழாம் வீடு சுபோதினியுடையது.
மகன் கபிசன் என் ஆறாம் வகுப்பில் பின்வாங்கு.
என்னைக் கண்டதும்
மருதமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

சுவர் என்ன வகை?
"தகரம்."
பக்கத்தில் நிற்கும் சீமெந்துக் கல் வீடு?
"அது வீட்டுத்திட்டம். ரெண்டாம் கட்டக் காசு வரேல்லை.
ஆடு கட்டுறம்."
யன்னல் மட்டத்தோடு நின்ற சுவருக்குள்ளிருந்து
ஆலங்கன்று எட்டிப் பார்த்தது.
அதற்கு ஏனோ இலக்கம் போடவில்லை.

கட்டிய ஆண்டு?
"எதைக் கேக்கிறியள்?"

எரியும் அடுப்பைக் காட்டினாள்.
மூன்று பழஞ்செங்கல்,
இந்தக் காலத்துக் கல்லின் இரண்டு மடங்கு நீளம்.
ஒன்றின் முகத்தில்
நாய்க்காலடி.
என்றோ ஈரம் காயுமுன்
குறுக்கே ஓடிய நாய்.
யாராவது துரத்தியிருப்பார்கள்.

"நாங்கள் எட்டில போனது.
பன்னிரண்டில வரேக்க ஒண்டும் இல்லை.
வேலியில்லை, கிணறு தூர்ந்து போச்சு,
எல்லாம் ஒரே காடு.
அவர் கத்தியால வெட்டிக்கொண்டு வர
இந்தக் கால் கிடந்தது.
அதைக் கண்டுதான் எங்கட வளவெண்டு பிடிச்சனாங்கள்.
உறுதியும் இல்லை, ஒண்டும் இல்லை. நாய்தான் சாட்சி."

இலக்கம் போட வந்தவர்கள் இதைக் காணவில்லையா?
"கண்டவை. அண்டைக்கும் சோறு கொதிச்சுக்கொண்டிருந்தது.
நெருப்புக்கு இலக்கம் போட ஏலுமோ?"

பிளேன்ரீ தந்தாள், பனங்கட்டியோடு.
நாயைப் பதிய மாட்டீர்களா என்று
மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.
நாய்க்குக் கட்டம் இல்லை என்றேன்.
எனக்கே அது
வகுப்பில் பேசும் குரலாய்க் கேட்டது.
ஆண்டுக் கேள்வியில் பென்சிலை வைத்தேன், எடுத்தேன்.
பிறகு ஒன்றை எழுதினேன்.
என்ன எழுதினேன் என்று சொல்ல
எனக்கு அனுமதியில்லை.

திரும்பும்போது ஆள் தொகையைக் கூட்டினேன்.
முப்பத்தொன்று.
மறுபடி கூட்டினால் முப்பது.
அருமைநாயகம் தன்னைச் சொல்ல மறந்திருந்தார்.
கயிற்றை அவிழ்த்தபடி
தூணின் பள்ளத்தைத் தடவிச் சொன்னார்:
"மாரியில தண்ணி இதைத் தொட்டா வள்ளம் விடமாட்டன்.
பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை."

பள்ளம் என் நெஞ்சு உயரத்தில் இருந்தது.

கார்த்திகை மாதத்து வரவு இடாப்பில்
கபிசன் பேருக்கு நேரே
நான் போட்ட சிவப்புச் சுழிகள் பதினொன்று.
ஓரத்தில் ஒரு குறிப்பும் எழுதியிருந்தேன்,
அக்கறையில்லை என்று.